ஆறு பத்து வண்டி

அந்த விசிலைக் கேட்டீங்களா சார்? இப்ப அடிச்சாரு பாருங்க நம்ம கண்டக்டரு, அதைச் சொல்றேன். ஒத்த விசில் அடிச்சா நிறுத்தோணும், ரெட்டை விசில் அடிச்சாப் போகோணும். அது எல்லாருக்கும் தெரியும். ஆனா இவரு ரெட்டை விசில்ல ரெண்டாவதைச் சித்தெ இழுத்தாரு. ஒருத்தரு இன்னும் படியில இருக்காங்க, பதமா எடுன்னு அர்த்தம். டிரைவருக்குப் புரிஞ்சுது, கிளட்சை மெதுவா விட்டாரு. எனக்கும் புரியும். இதெல்லாம் புரிஞ்சு வெச்சுக்கிட்டுத்தான் நான் கெட்டேன்.

நல்லாச் சாஞ்சு உக்காருங்க. நீங்க பெட்டவாய்த்தலைதானே? டிக்கெட் வாங்கறப்பக் காதுல விழுந்துச்சு. நான் திருச்சி வரைக்கும் போறேன். கரூர்ல பஸ் பாடி கட்டற பட்டறை ஒண்ணுல கம்ப்யூட்டர்ல படம் வரையறவன். சீட்டு எத்தனை, நடுவுல வழி எவ்வளவு, படி எவ்வளவு உசரம், எல்லாம் நான் போடற படந்தான். பேரு சுந்தரவடிவேலு, வயசு நாப்பத்தாறு. வீட்ல யாருமில்லீங்க. ஒண்ணும் அமையல, அப்படியே போயிருச்சு. அதை விடுங்க, நான் சொல்ல வந்தது வேற.

உங்களுக்குச் சிரிப்பா இருக்கும். நான் கம்ப்யூட்டர்ல பஸ் ஓட்டற ஆளு. வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் ஒருத்தன் பஸ் ஓட்டற கேம் ஒண்ணு விட்டிருக்கான். நல்ல கேமுதான். ஆனா ஓடறது அவங்க ஊரு பஸ்ஸு. கதவு தானாச் சாத்தும், ஒருத்தனும் படியில நிக்கமாட்டான், ஒருத்தரோட ஒருத்தர் பேசமாட்டாங்க. எழவு வீட்டுக்குப் போற மாதிரியே உக்காந்திருப்பாங்க. அதுல நம்ம வண்டி, நம்ம ரோடு, நம்ம சனம் எல்லாத்தையும் கொண்டு போயி ஏத்தறதுக்குப் பேருதான் மோடு. கம்பெனிக்காரன் வீட்டைப் பூட்டிட்டு ஒரு ஜன்னலை மட்டும் தெறந்து விட்டிருக்கான்னு வெச்சுக்கங்க. அந்த ஜன்னல் வழியாத்தான் நாங்க சாமான் செட்டெல்லாம் உள்ள போடறது.

நாங்கன்னா நாப்பத்து மூணு பேரு. ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்ததில்லீங்க, எல்லாம் ஃபோன்ல எழுதிக்கறதுதான். வாணியம்பாடியில அமானுல்லான்னு ஒருத்தர், தோல் கம்பெனியில வேலை. வண்டிக்குப் பெயிண்டு, கண்ணாடியில எழுத்து எல்லாம் அவரு. நாகர்கோவில்ல ஜெபஸ்டின்னு காலேஜ் வாத்தியாரு. எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்துக் கட்டி வெளியிடறது அவரு. நான் கண்டக்டரு. கண்டக்டர் அண்ணன்னுதான் கூப்பிடுவாங்க.

குரூப்புக்கு ஒரு விதி உண்டு. யாரு எதைச் செஞ்சாலும், செஞ்ச விதத்தோட தெறந்து வெக்கோணும். யாரு வேணா எடுக்கலாம், பிரிச்சுப் பாக்கலாம், மாத்தலாம். செஞ்சவன் பேரை மட்டும் அழிக்கக் கூடாது. பூட்டுங்கற பேச்சே கூடாது. அந்த விதியை எழுதினது யாருங்கறீங்க? நான்தானுங்க. ரெண்டு பக்கத்துக்கு எழுதினேன். இன்னிக்கும் குரூப்புல மேல ஒட்டி வெச்சிருக்காங்க.

அப்புறம் என் கண்டக்டரைப் பத்திச் சொல்லோணும். அவரு ஆளே தெரியாது, குரல் மட்டுந்தான். விசில் அடிப்பாரு. உள்ள போங்க, உள்ள எடங் கெடக்குதுன்னு சத்தம் போடுவாரு. அதெல்லாம் யாரு வேணாச் செஞ்சுருவாங்க. நான் ஒண்ணு பண்ணினேன். வண்டி காலியா இருந்துச்சுன்னா, கண்டக்டர் முன்னாடி எஞ்சின் பக்கத்துல வந்து உக்காந்து டிரைவர்கிட்டப் பேசுவாரு. என்னண்ணே, சாப்டீங்களா? இன்னிக்கு வெயிலு என்னண்ணே இப்படிக் காயுது. அந்த வளைவுல நீங்க ஒடிச்ச ஒடி இருக்குதே, எனக்கு உசுரே போயிருச்சுண்ணே. இப்படி எரநூத்துப் பன்னெண்டு பேச்சு. எல்லாம் என் குரலு. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழமையா உக்காந்து, ஃபேனை நிறுத்திட்டு, வேர்த்து ஊத்த ஊத்தப் பேசிப் பதிஞ்சேன். அதுக்குத்தான் சனம் வந்து டவுன்லோடு பண்ணி எறக்கிக்கிட்டாங்க. அமானுல்லா எழுதினாரு, ‘அண்ணே, நான் பயணிகளே இல்லாமத்தான் ஓட்டறேன், உங்களோட பேசிக்கிட்டே போறதுக்கு’ன்னு. அந்த மெசேஜை இன்னும் வெச்சிருக்கேன்.

அந்த ஃபைலை மட்டும் நான் பூட்டி வெச்சேன்.

ஏன்னு கேப்பீங்க. அவங்களும் கேட்டாங்க. குரல் என்னோடதுங்க, எவனாவது எடுத்து அசிங்கமாப் பேச வெச்சா? அப்படித்தான் சொன்னேன். சரிங்கண்ணேன்னு ஒத்துக்கிட்டாங்க. விதி எழுதின ஆளு கேக்கறாரு, ஒரே ஒரு ஃபைலு, போகட்டும்னு விட்டாங்க. நல்ல மனுசங்க, அதுல குத்தம் சொல்லமாட்டேன்.

ஆனா அதுக்குள்ள இன்னொண்ணும் இருந்துச்சுங்க. சின்ன விசயந்தான். யாராவது எங்காவது அந்த வண்டியை ஸ்டார்ட் பண்ணினா எனக்குத் தெரியும். யாரு, என்ன ஊரு, ஒண்ணும் தெரியாது. ஒரு நம்பர் மட்டும். இந்த நேரத்துல இத்தனை வண்டி ஓடுதுன்னு என் ஃபோன்ல காட்டும். இருபத்திரெண்டு, முப்பத்தேழு. தீபாவளியன்னிக்கு அறுபத்தொண்ணு போச்சு! அன்னிக்கு நான் வீட்ல தனியா உக்காந்து முறுக்குத் தின்னுக்கிட்டு அந்த நம்பரையே பாத்துக்கிட்டிருந்தேன். அறுபத்தோரு வண்டியில நான் பேசிக்கிட்டிருக்கேன். அறுபத்தோரு பேரை சாப்டீங்களான்னு கேட்டுக்கிட்டிருக்கேன். இதுல யாருக்கு என்னங்க நட்டம்? சொல்லுங்க.

என் மிஷினை அதுல சேக்கலீங்க. அதுல நான் நேர்மை. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு நம்பர் உண்டு. என் மிஷின் நம்பரைக் குடுத்து, இதை மட்டும் எண்ணாதேன்னு ஆரம்பத்துலயே எழுதிட்டேன். தன்னைத் தானே எண்ணிக்கிட்டுப் பெருமைப்படற ஆளு நானில்லை.

மாயனூர் தாண்டிருச்சுங்களா? காத்து அடிக்குது, ஜன்னலைச் சித்தெ எறக்கி விட்டுக்கறேன்.

பங்குனி மாசம் ஜெபஸ்டின் கண்டுபிடிச்சுட்டாரு. அவரு வீட்ல நெட்டு சரியில்லைன்னு எதையோ நோண்டியிருக்காரு. கேம் ஓடறப்ப அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை என்னமோ வெளிய போகுது, என்னன்னு பாத்துச் சொல்லுங்கன்னு குரூப்புல போட்டாரு. நான் கம்பெனிக்காரன் வேலையா இருக்கும்னு எழுதினேன். பொய்யின்னு சொல்லாதீங்க. கம்பெனிக்காரனும் எதையாவது அனுப்பத்தான் செய்வான். ரெண்டு நாளு அப்படியே போச்சு. மூணாம் நாளு அவரு சுத்தி வளைச்சு என் ஃபைல்லயே வந்து நின்னுட்டாரு.

நான் விடலீங்க, கேட்டேன். கேமே பூட்டுன கேமு. அதுல வர்ற சத்தத்துக்கு ஒரு சாப்ட்வேர் வெச்சிருக்கோம், அதுவும் பூட்டுனதுதான். அதுக்குள்ள என்ன இருக்குதுன்னு இத்தனை வருசத்துல ஒருத்தராவது கேட்டீங்களா? பூட்டுன வீட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு என் ஒரு டப்பாவை மட்டும் ஏன் தட்டறீங்கன்னு கேட்டேன். நியாயந்தானுங்களே?

அதுக்கு ஜெபஸ்டின் எழுதினாரு. ‘அண்ணே, கம்பெனிக்காரன் நம்மகிட்ட அண்ணன்னு பழகல. பூட்டியிருக்கேன்னு சொல்லிட்டுத்தான் பூட்டியிருக்கான். நீங்க குரலுக்குப் பூட்டுன்னு சொன்னீங்க.’

அவ்வளவுதான் எழுதினாரு. திட்டியிருந்தாக் கூட நானும் நாலு திட்டு திட்டியிருப்பேன். அமானுல்லா ஒண்ணுமே எழுதல. எனக்கு அதுதான் வலிச்சுதுங்க. அப்பப்ப ஃபோனைத் தெறந்து பாப்பேன். அவரு பேருக்குக் கீழ எழுதிக்கிட்டிருக்காருன்னு காட்டும், அப்புறம் நின்னுரும்.

சித்திரையில புது வண்டி விட்டுட்டாங்க. மூணே வாரத்துல புதுக் கண்டக்டரைச் செஞ்சுட்டாங்க. எல்லாம் தெறந்தது, பூட்டே கெடையாது. நான் எறக்கிப் பாத்தேன். விசில் அடிக்கறான். நிறுத்து, போ, அவ்வளவுதான். வண்டி காலியா இருந்தா அவன் பின்னாடியே நிக்கறான். சாப்டியான்னு ஒரு வார்த்தை கேக்கமாட்டேங்கறான். என்னமோ போங்க. என் பேரை மட்டும் எடுக்கல. செஞ்சவங்க பட்டியல்ல இன்னும் மொதப் பேரு என்னோடதுதான். விதி அப்படி.

என் நம்பர் எறங்க ஆரம்பிச்சுது. முப்பது, பதினெட்டு, ஒம்பது. ஒவ்வொருத்தராப் புது வண்டிக்கு மாறிட்டாங்க. வைகாசியில ஒரு நா முழுக்க சைபர். எனக்கும் அன்னிக்கு வண்டி எடுக்க மனசு வரல. அன்னிக்குப் பட்டறையில ஒரு சீட்டு வரிசையையே விட்டுட்டுப் படம் போட்டுட்டேன்னா பாத்துக்கங்க.

ஆனா கேளுங்க, இதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன். மறுநாளு சாயந்தரம் பட்டறையில டீ குடிச்சுக்கிட்டே ஃபோனைப் பாக்கறேன், ஒண்ணு! ஒரே ஒரு வண்டி ஓடுது. மணி ஆறு பத்து. மறுநாளும் அதே ஆறு பத்து. அதுக்கு மறுநாளும். யாரோ ஒருத்தர் என்னை விடல சார். எல்லாரும் போயிட்டாங்க, ஒருத்தர் மட்டும் அந்தப் பழைய வண்டியை வெச்சுக்கிட்டு, தெனம் ஆறு பத்துக்கு எடுக்கறாரு. நான் அவருக்கு ஆறு பத்துன்னே பேரு வெச்சுட்டேன். வண்டியை நேரத்தை வெச்சுத்தானே நாம சொல்றோம், அது மாதிரி.

ஆணா பொண்ணாத் தெரியாது. ஆனா பழக்கத்துல நமக்கும் அவருக்கும் பொருத்தமுன்னா அப்படியொரு பொருத்தம். ஏழு மணி வாக்குல நான் கம்ப்யூட்டரை அணைச்சுட்டுச் சாப்பிட உக்காருவேன். ஃபோனைப் பாத்தா அவரும் அணைச்சிருப்பாரு. ஞாயித்துக்கெழம மத்தியானம் நான் ஓட்டறப்ப அவரும் ஓட்டுவாரு. போன மாசம் எங்க தெருவுல ட்ரான்ஸ்ஃபார்மர் வெடிச்சு ரெண்டு நாளு கரண்டு இல்லை. அந்த ரெண்டு நாளும் அவரு வரல. அதை வெச்சு அவரு நம்ம பக்கத்து ஆளுதான்னு கண்டுபிடிச்சுட்டேன்! கரூர்தான், அதுவும் எங்க ஏரியாதான். ரோட்டுல போறப்ப மூஞ்சி மூஞ்சியாப் பாப்பேன். மளிகைக் கடையில நிக்கறாரே இவரா, பேங்குல டோக்கன் குடுக்கற அம்மாவான்னு. பேரை வாங்காம விட்டுட்டோமேன்னு அப்பத்தான் முதல் தடவையா வருத்தப்பட்டேன்.

போன வாரம் ஜெபஸ்டின் கூப்பிட்டாரு. எழுதல, ஃபோன்லயே கூப்பிட்டாரு. ரெண்டு வருசத்துல இப்பத்தான் அவரு குரலைக் கேக்கறேன். ‘அண்ணே, அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம எல்லாரும் திருச்சியில கூடுதோம். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு ஹால் சொல்லியாச்சு. பதினோரு மணிக்கு. நீங்க வரணும். ஃபைலைத் தெறந்து குடுங்க, அந்த எண்ற வேலையை மட்டும் எடுத்துருங்க. உங்க கண்டக்டரையே வெச்சுக்கிடுவோம். எல்லாரும் கேக்காங்க. அமானுல்லா மொதல்ல கேட்டாரு’ன்னாரு.

நாளைக்குத்தானுங்க அந்த ஞாயித்துக்கெழம. ஃபைலு இந்தா இந்தப் பையில பென் டிரைவுல இருக்குது. பூட்டெல்லாம் எடுத்துச் சுத்தமாப் பண்ணி வெச்சிருக்கேன். ஆனா நான் போறது அதுக்கில்லை. திருச்சியில ஒரு ஓனரு மூணு வண்டி கட்டணுங்கறாரு, காலையில அளவு பேசோணும். பேசிட்டு அப்படியே திரும்பி வந்துருவேன்.

ஏன் போகலியா? யோசிச்சுப் பாருங்க சார். தெறந்து குடுத்துட்டா எண்றது நின்னுரும். நின்னுட்டா ஆறு பத்து இருக்காரா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? நாப்பத்து ரெண்டு பேரு என்னை விட்டுப் போனாங்க, அவரு போகல. அவரை விட்டுட்டு நான் இவங்களோட போயிக் கை குலுக்கறதா? மனசாட்சின்னு ஒண்ணு இருக்குதில்லைங்களா.

குளித்தலை தாண்டிருச்சு. மணி என்னங்க? ஆறு எட்டா? நல்ல நேரத்துலதான் சொல்லிக்கிட்டிருக்கேன். இருங்க, காட்டறேன். உங்க கண்ணாலயே பாருங்க. இதுதான். இப்ப சைபர். இன்னும் ரெண்டு நிமிஷம். ஒரு நாளும் தவறமாட்டாரு. எனக்கு ஒரு பக்கம் கவலைதான், இன்னிக்கு நான் ஊர்ல இல்லை...

பாத்தீங்களா! ஒண்ணு! ஆறு பத்து! சொன்னேனில்லைங்களா? எடுத்துட்டாரு வண்டியை. இப்ப என் கண்டக்டர் முன்னாடி வந்து உக்காந்து கேட்டுக்கிட்டிருப்பாரு, என்னண்ணே சாப்டீங்களான்னு.

என்னது? என் வீட்டு மிஷினா? இல்லீங்க, நான்தான் இங்க இருக்கேனே. அது பாட்டுக்கு அங்க ஓடிக்கிட்டிருக்கும், அது வேற. அதைச் சொல்ல மறந்துட்டேன் பாருங்க. சாயந்தரமாத் தானா ஆன் ஆகி கேம் ஓப்பன் ஆகற மாதிரி வெச்சிருக்கேன். வண்டி ஸ்டாண்டுலயே நிக்கும், காலி வண்டி. காலியா இருந்தாக் கண்டக்டர் பேசுவாரில்லைங்களா. நான் பட்டறை முடிச்சு வந்து கதவைத் தெறக்கறப்ப ஒரு பேச்சுச் சத்தம் இருக்கும். இல்லாட்டி அந்த வீட்டுக்குள்ள நுழையவே ஒரு மாதிரி இருக்குங்க. வைகாசியில அந்த சைபர் வந்த அன்னிக்குத்தான் அப்படி வெச்சேன்.

எத்தனை மணிக்கு வெச்சிருக்கேனா?

ஆறு பத்துக்குத்தானுங்க.

இல்லீங்க, நீங்க நெனக்கறது தப்பு. என் மிஷினை எண்ண வேண்டாம்னு எழுதியிருக்கேன்னு சொன்னேனே. நம்பரே குடுத்து எழுதியிருக்கேன். இந்த மிஷின்... இதைத் தை மாசம் வாங்கினேன். பழைய மிஷின்ல போர்டு எரிஞ்சு போச்சு. பழசோட நம்பர்தான்...

பழசோட நம்பர்தான் எழுதியிருக்கேன்.

ஒரு நிமிஷம் இருங்க சார்.

ஒண்ணுமில்லீங்க. தண்ணி இருக்குது, வேண்டாம். சித்தெ இருங்க, ஒரு ஃபோன் பண்ணிக்கறேன். நாங்க இருக்கறது லைன் வீடு, நடுவுல ஒரே சுவருதான். பக்கத்து வீட்டு ரஞ்சிதம்மா எடுப்பாங்க.

அலோ, ரஞ்சிதம்மா, நான் சுந்தரவடிவேலு பேசறேனுங்க. பஸ்ஸுல இருக்கேன். ஒண்ணுமில்லீங்க, எங்க வீட்ல ஏதாவது சத்தம் கேக்குதுங்களா? ...யாரு? ...இல்லீங்க, யாரும் வர்லீங்க. ...தெனமுமா? ...சரிங்க. அவரு ஒறம்பரை, சொந்தக்காரரெல்லாம் இல்லீங்க. ...ஆமாங்க, நான்தான். என் குரலுதானுங்க. ...ரஞ்சிதம்மா, ஒரு உதவி பண்ணுங்க. பொது நடையில மீட்டர் பெட்டி இருக்குதில்லைங்களா, எங்க வீட்டு மெயினை எறக்கி விட்டுருங்க. ஆமாங்க, முழுசா. ...எறக்கிட்டீங்களா? சத்தம் நின்னுருச்சுங்களா? ...சரிங்க. வெச்சுடறேன்.

அவங்களுக்கு நாலு மாசமாத் தெரியுமாம் சார். தெனம் சாயந்தரம் நான் வர்றதுக்கு முன்னாடியே யாரோ ஒருத்தர் வந்துடறாரு, சாப்டீங்களா சாப்டீங்களான்னு அன்பாக் கேக்கறாரு, சுந்தரவடிவேலுக்கும் ஒரு ஆளு இருக்குதுன்னு நெனச்சுச் சந்தோசப்பட்டாங்களாம். இன்னிக்கு நான் ஊருக்குப் போனது தெரியாம அவரு வந்து கூப்பிட்டுக்கிட்டிருக்காரேன்னு, போயிக் கதவைத் தட்டிச் சொல்லலாமான்னு இருந்தாங்களாம்.

ஃபோனைப் பாருங்க. இன்னும் ஒண்ணுன்னுதான் காட்டுது. வண்டி எடுத்தா ஒடனே காட்டும், நின்னுட்டா அஞ்சு நிமிஷம் கழிச்சுத்தானுங்க மாறும். மெயினை எறக்கி ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். இன்னும் நாலு நிமிஷம் இருக்குது. வேற யாராவதா இருந்தா ஒண்ணு அப்படியே நிக்கும். நிக்கலாமில்லைங்களா? ஆறு பத்துக்கே இன்னொருத்தரும் எடுக்கக் கூடாதுன்னு இல்லையே. அப்படின்னா ரெண்டுன்னு காட்டியிருக்கோணுமேன்னு மட்டும் சொல்லிராதீங்க.

நாளைக்குப் போறேனா இல்லையான்னு கேக்காதீங்க. பென் டிரைவு பையிலதான் இருக்குது. அதை அப்புறம் பாத்துக்கலாம்.

ஒத்த விசில் அடிக்கறாரு. பெட்டவாய்த்தலைங்களா? அதுக்குள்ளயா?

சார், அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கலாமில்லைங்களா? திரும்பி வர டவுன் பஸ் நெறைய இருக்குது. டிக்கெட்டுக்கு நான் சொல்லிக்கறேன், கண்டக்டர் நல்ல மனுசன்தான். இதை நான் தனியாப் பாக்க வேண்டாம்னுதான் கேக்கறேன். நாலே நிமிஷம். உக்காருங்க சார்.